கடலூரில் பார்வையற்றோருக்குப் புத்தகம் ஸ்கேன் செய்து தருகிறவர்கள்: ஒன்பது மாதம், பதினான்கு புத்தகம்

மூன்று வருடமாக ஒரு நாவலைத் தப்பாகவே மனதில் வைத்திருந்தேன். அதில் கடற்கரைக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் வருவார். மனைவி போன பிறகு தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து "சுடலைப் பார்த்துக்கொண்டே" இருப்பார். கம்ப்யூட்டர் அப்படித்தான் வாசித்துக் காட்டியது. மனைவியை எரித்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு இரக்கம். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் அந்த நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது. அச்சுப் புத்தகத்தில் படித்திருந்த சக ஆசிரியை, "சுடலை எங்க டீச்சர் வருது? அவர் கடலைத்தானே பாத்துக்கிட்டு இருப்பாரு, புள்ளை திரும்பி வருவான்னு" என்றார்.

கடலை. சுடலை. ஒரு எழுத்துதான். ஆனால் செத்துப்போன மனைவியை நினைத்து உட்கார்ந்திருக்கிற கிழவர் வேறு, கடலுக்குப் போன பிள்ளைக்காகக் காத்திருக்கிற அப்பா வேறு. நான் படித்தது அந்த எழுத்தாளர் எழுதாத ஒரு கதை.

அந்தக் கோப்பை எனக்குத் தெரிந்தவர் ஒருவர் அவசரத்துக்கு ஸ்கேன் செய்து கொடுத்திருந்தார். யாரும் மெய்ப்பு பார்க்காதது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய உதவி. ஆனால் பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் ஸ்கேன் செய்கிறோம் என்று யார் சொன்னாலும், மெய்ப்பு பார்ப்பது யார், எப்படிப் பார்க்கிறார் என்றுதான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன். புதுப்பாளையத்துக் குழுவைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதற்காகத்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. வீடு திருப்பாதிரிப்புலியூர். கண்ணில் ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசா. சின்ன வயதில் மாலைக்கண் என்றார்கள். அப்புறம் ஓரங்களிலிருந்து இருட்டு ஏறி ஏறி, 2014இல் அச்செழுத்து எனக்கு அடியோடு நின்றுவிட்டது. பிரெயில் மெதுவாகத்தான் வரும், அதனால் என் படிப்பு முழுக்கக் காதில்தான்: திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற மென்பொருள்கள், மடிக்கணினியில் என்விடிஏ, போனில் டாக்பேக்.

குழுவுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெயரே இன்னும் வைக்கவில்லை. புதுப்பாளையத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் சனியும் ஞாயிறும் உட்காருகிறார்கள். ஏழெட்டுப் பேர். கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், இல்லத்தரசிகள் இரண்டு பேர், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், பழைய அச்சகத்தில் எழுத்துக் கோத்த அண்ணன் ஒருவர். போன ஜூனில் முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கெடிலம் பாலத்தைத் தாண்டிப் போனேன். இதுவரை பதினான்கு வாங்கியிருக்கிறேன்.

முதல் நாள் மூன்று கேள்வி கேட்டார்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்பது முதல் கேள்வி. நகல் வாங்கிக்கொண்டு, கோப்பைப் பார்வையுள்ள யாருக்கும் அனுப்ப மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். சிலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். எனக்குச் சரி என்றே பட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 2012இல் ஒரு திருத்தம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் படிக்கிற வடிவத்துக்கு ஒரு புத்தகத்தை லாப நோக்கம் இல்லாமல் மாற்றினால் பதிப்பாளரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. 2013இல் இதே உரிமைக்காக மராகேஷ் உடன்படிக்கை என்ற உலக ஒப்பந்தம் உருவானபோது, உலகத்திலேயே முதலில் அதை ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாதான், 2014இல். அந்தக் கதவு நமக்காகத் திறந்தது. அதை ஊருக்கெல்லாம் இலவசப் புத்தகம் கொடுக்கிற வழியாக ஆக்கிவிட்டால் எழுதியவர் வயிற்றில் அடித்தது மாதிரி ஆகும்.

இரண்டாவது கேள்வி, "சுகம்ய புஸ்தகாலயாவில தேடிட்டீங்களா டீச்சர்?" 2016 ஆகஸ்டில் தொடங்கிய இணைய நூலகம் அது. பார்வையற்றோர் படிக்க முடிகிற கோப்புகளைப் பல அமைப்புகள் அங்கே சேர்த்து வைக்கின்றன. அங்கே இருந்தால் இங்கே மறுபடி செய்ய மாட்டார்கள். அமெரிக்காவில் புக்‌ஷேர் தொடங்கியதும் இதே யோசனையில்தான். ஜிம் ஃப்ரூக்டர்மேன் என்பவர் 1989இல் ஆர்க்கன்ஸ்டோன் என்ற அமைப்பைத் தொடங்கி, பார்வையற்றோருக்குப் புத்தகம் வாசிக்கும் கருவி செய்து கொடுத்து வந்தார். வாங்கியவர்கள் அவரவர் வீட்டில் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் செய்ததை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளட்டுமே என்று 2002இல் பிறந்தது புக்‌ஷேர். தொடக்கத்தில் அதன் அலமாரியை நிரப்பியது தன்னார்வலர்கள் ஸ்கேன் செய்து மெய்ப்பு பார்த்த கோப்புகள்தான். புதுப்பாளையத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது, "முதுகை வெட்டலாமா, கூடாதா?" வெட்டச் சம்மதித்தால் தாள்கள் தனித்தனியாக ஸ்கேனருக்குள் சரசரவென்று போய்விடும், அரை மணியில் வேலை முடியும். பிறகு பைண்டிங் செய்து திருப்பித் தருவார்கள். எனக்கு ஒரு புத்தகத்துக்கு 80 ரூபாய் ஆனது. செலவு அவ்வளவுதான், மற்றதெல்லாம் இலவசம். வெட்டக் கூடாது என்றால் புத்தகத்தைத் திறந்து வைத்து, மேலே கண்ணாடி அழுத்தி, ஸ்டாண்டில் மாட்டிய போனால் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறார்கள். நடு மடிப்பில் எழுத்து வளைந்து போவதால் இதில் பிழை கூடும்.

ஸ்கேன் செய்வது கைவேலை, யாரும் செய்யலாம். அப்புறம் ஓசிஆர், அதாவது ஸ்கேன் செய்த படத்தில் இருக்கிற எழுத்தைக் கம்ப்யூட்டர் படித்து எழுத்துக் கோப்பாக மாற்றுவது. தமிழுக்கு இப்போது நன்றாகவே வந்திருக்கிறது. சுத்தமான அச்சாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு நாலைந்து பிழைதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 300 பக்க நாவலுக்கு அது 1,200, 1,500 பிழை. அதில் எத்தனை சுடலை இருக்குமோ, யார் கண்டது.

இந்தக் குழுவின் மெய்ப்புதான் நான் வேறெங்கும் காணாதது. இரண்டு பேராக உட்காருகிறார்கள். ஒருவர் கண்ணால் பார்க்கிறார், ஒருவர் காதால் கேட்கிறார்.

கேட்பவர் போஸ்ட்மாஸ்டர் ஐயா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் கோப்பை வாசிக்கிறது, அவர் விரல் அச்சுப் புத்தகத்தின் வரியில் ஓடுகிறது. தாளில் விரல் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சட்டென்று உரசல் நின்றது. "கரல்னு படிக்குது" என்றார். பக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், "கால்னுதான் ஐயா தெரியுது" என்றாள். "திரும்பக் கேளு." மறுபடியும் "கரல்." துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஓசிஆர் ர-வைப் போட்டிருக்கிறது. நிறைய எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். அந்தப் பெண் அந்த வரியை நூறு முறை பார்த்திருந்தாலும் பிடித்திருக்க மாட்டாள். அவர் ஒரு முறை கேட்டுப் பிடித்துவிட்டார்.

ஔவையாரும் இப்படித்தான். ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒ போட்டு ள போட்டாலும் திரையில் அதே ஔவைதான் தெரிவாள். எனக்கு "ஒ-ள-வை" என்று வரும். கௌரி "கெ-ள-ரி" ஆவாள். கணினியில் தமிழ் தட்டச்சு செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இந்தப் பிழையைத் தெரியாமல் செய்கிறார்கள். கண்ணால் படிக்கிறவருக்கு அது பிழையே இல்லை என்பதால் யாரும் திருத்துவதும் இல்லை.

காதுக்குத் தப்புகிறவையும் உண்டு. அரமும் அறமும், பனியும் பணியும் கணினிக் குரலில் அநேகமாக ஒன்றுபோலத்தான் கேட்கும். அங்கே கண் வேண்டும். சுடலையும் கடலையுமோ இரண்டுமே நல்ல தமிழ்ச் சொல். வெறும் காதும் வெறும் கண்ணும் "சரிதானே" என்று தாண்டிப் போய்விடும். அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் அகப்படும். அதனால்தான் விரல் வரியில் ஓடுகிறது. முதல் நாளே என் சுடலைக் கதையை அவர்களிடம் சொல்லியிருந்தேன். ஐயா இப்போது எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் சு-வையும் க-வையும் தேடிப் பார்க்கிறாராம்.

இன்னொரு தொல்லை, தமிழ் அச்சுக்கே உரியது. வரி முடிகிற இடத்தில் நாம் சொல்லை வெட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோகிறோம். ஆங்கிலத்தில் போல் நடுவில் கோடு போடுவதில்லை. "போய்க்கொண்டி" ஒரு வரியில், "ருந்தான்" அடுத்த வரியில். கண் தானாகச் சேர்த்துப் படித்துவிடும். எனக்கு "போய்க்கொண்டி" என்று வாசித்து, மூச்சு விட்டு, "ருந்தான்" என்று வரும். பக்கத்துக்குப் பத்து இடத்தில் இப்படி வந்தால் எந்தக் கதையிலும் மனம் ஒட்டாது. இதையெல்லாம் ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள். பக்கத்தின் தலையில் நிற்கிற புத்தகப் பெயரையும் எடுத்துவிடுகிறார்கள். அது இருந்தால் வாக்கியத்தின் நடுவில் திடீரென்று நாவலின் பெயர் கூவும். பக்க எண்ணை மட்டும் தனி வரியில் விட்டுவைக்கிறார்கள். வகுப்பில் "நாற்பதாம் பக்கம் எடுங்க" என்று சொல்கிற எனக்கு அது வேண்டும்.

இனி அப்பாவின் புத்தகம்.

அப்பா வாங்கி வைத்திருந்த நாவல், 1960களில் வந்த பதிப்பு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரை கடந்தபோது எங்கள் வீட்டு ஓடு பறந்து, அலமாரி முழுவதும் நனைந்தது. பாதிப் புத்தகங்கள் கூழாகிவிட்டன. இது பிழைத்தது. தாளெல்லாம் அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கும், தொட்டாலே தெரியும். அப்பா 2013இல் போனார். அதற்கடுத்த வருடம் என் கண். அதனால் அந்தப் புத்தகத்தை நான் படிக்காமலே போயிற்று. வெட்டக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

பழைய எழுத்து அது. 1978இல் தமிழ்நாட்டு அரசு, பெரியார் 1930களிலேயே தம் பத்திரிகையில் கையாண்ட எழுத்து முறையை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் லை, ளை, னை, ணை இவற்றுக்கெல்லாம் மேலே தும்பிக்கை மாதிரி வளைத்துப் போடுவார்கள். றா, னா, ணா எல்லாம் சுழித்துக்கொண்டு ஒரே எழுத்தாக இருக்கும். நான் பள்ளியில் படித்த காலத்தில் பழைய புத்தகங்களில் பார்த்தது இன்னும் மனதில் இருக்கிறது. ஓசிஆருக்கு அது புரியவில்லை. "இல்லை" என்ற சொல் தமிழில் எந்தப் பக்கத்தில்தான் இல்லை? அத்தனையும் உடைந்துவிட்டது. அவளை, அவனை, தலை, மலை, யானை எல்லாம் போயிற்று. முதல் அத்தியாயத்தை ஓசிஆர் கொடுத்தபடியே எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு வாக்கியம்கூட நிற்கவில்லை.

அப்போதுதான் அச்சகத்து அண்ணன் அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். பழைய எழுத்தை ஈயத்தில் கோத்தவர். இந்த எழுத்து உடைந்தால் என்னவாக வரும் என்று அவரால் ஊகிக்க முடிந்தது. எந்தெந்தக் குப்பை எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் போட்டார். கல்லூரிப் பையன் ஒருவன் அதை வைத்து மொத்தமாகத் தேடி மாற்றினான். மீதியை அண்ணன் வரி வரியாக உட்கார்ந்து திருத்தினார். பதினோரு வாரம் ஆனது.

கோப்பு வந்த அன்றைக்கு ராத்திரியே கேட்கத் தொடங்கினேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் ஒரு வரி வந்தது: "பின் அட்டையின் உட்புறம் பென்சிலில் கையெழுத்து: புயலில் நனைந்தது. மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்தேன். 4.1.2012." அந்தப் புத்தகத்தை எத்தனையோ முறை கையில் எடுத்துத் தடவியிருக்கிறேன். பென்சில் எழுத்து விரலில் படாது. வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. ஓசிஆர் அதைத் தொட்டிருக்காது, அது அச்சும் இல்லை, நாவலும் இல்லை. "இதையும் போடணும்னு தோணிச்சும்மா" என்றார் அண்ணன். நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அவர்களிடம் நேரில் சொன்னவைதான்.

கவிதையில் சொதப்பிவிட்டார்கள். உரைநடையில் வரியை ஒட்டுகிற அதே கை, கவிதைத் தொகுப்பிலும் எல்லா வரியையும் ஒட்டிவிட்டது. அடி எங்கே முடிகிறது என்றே தெரியாமல் ஒரே ஓட்டமாக ஓடியது. தமிழ் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அது புத்தகமே இல்லை. திருப்பிக் கொடுத்தேன். மறுபடி செய்து தந்தார்கள், இந்த முறை சரியாக இருந்தது. ஆனால் கவிதைப் புத்தகம் கொடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அட்டவணை, அடிக்குறிப்பு இரண்டிலும் இன்னும் தடுமாற்றம்தான். உரை நூல் ஒன்றில் அடிக்குறிப்புகள் வாக்கியத்துக்கு நடுவில் வந்து விழுந்தன. படம் இருக்கிற இடத்தில் "படம்" என்று மட்டும் போடுகிறார்கள். என்ன படம் என்று ஒரு வரி எழுதினால் போதும், நேரம் இல்லை என்கிறார்கள். இதை நான் விடுவதாக இல்லை. பாடநூலில் படத்தை விட்டுவிட்டால் பாதிப் பாடம் போய்விடும்.

முதலில் வந்த மூன்று கோப்புகளில் அத்தியாயத் தலைப்புகளைத் தலைப்பாகக் குறிக்கவில்லை, எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் விட்டிருந்தார்கள். என்விடிஏ வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவ வேண்டும். சொன்ன பிறகு சரிசெய்துவிட்டார்கள். இப்போது வேர்டு கோப்பாகவும் எப்பப் என்ற மின்புத்தக வடிவிலும் தருகிறார்கள். பார்வையற்றோருக்கான பேசும் புத்தக வடிவமான டெய்சி கேட்டால் இன்னும் ஒரு வாரம் ஆகும்.

பொறுமை வேண்டும். 300 பக்க நாவலுக்கு ஐந்து வாரம் சாதாரணம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற என் பழைய மாணவன் ஒருவன் அவசரத்தில் போய் முகம் வாடித் திரும்பினான். அப்புறம் அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். அவனுக்கு இப்போது வாரம் ஒரு அத்தியாயம் வாட்ஸ்அப்பில் வருகிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இப்படிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

போய்ச் சேருவதைப் பற்றி: வாசலில் மூன்று படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. படிக்கு முன்னால் சாக்கடை மேல் போட்ட பலகைக்கல் ஒன்று ஆடுகிறது. தனியாகப் போகிறவர்கள் தெருமுனையில் இறங்கி போன் செய்தால் யாராவது வந்து கூட்டிப்போகிறார்கள். மழைக் காலத்தில் அறையில் ஓதம் ஏறுவதால் நவம்பர், டிசம்பரில் புத்தகம் வாங்கி வைப்பதில்லை. நம் ஊர் நவம்பர், டிசம்பர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கி வைத்ததை நனையாமல் பார்த்துக்கொள்ள முடியாது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பார்வையுள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஆள் தேவை. ஸ்கேன் செய்ய அல்ல, அதற்கு ஆள் இருக்கிறது. மெய்ப்புக்குத்தான் தட்டுப்பாடு. வாரம் இரண்டு மணி நேரம் போதும். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்திருந்தால் சரி, கம்ப்யூட்டர் அவர்கள் சொல்லித்தருவார்கள்.

பொங்கலிலிருந்து நானும் கேட்கிற பக்கம் சேர்ந்திருக்கிறேன். கோப்பு வீட்டுக்கு வருகிறது. ராத்திரி சமையல் வேலை முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிறேன். இடறுகிற இடத்தில் நிறுத்தி, பக்க எண்ணையும் சொல்லையும் குரல் பதிவாக அனுப்புகிறேன். அங்கே ஒருவர் அச்சுப் புத்தகத்தில் பார்த்து, திருத்தமா இல்லை எழுத்தாளர் அப்படியேதான் எழுதினாரா என்று பதில் போடுகிறார். நேற்று ராத்திரி 112ஆம் பக்கத்தில் "சுடல் காற்று" என்று வந்தது.